மனச்சோர்வும் மூளையின் இணைப்புகளும்: மலையகத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

1

மலையகத் தோட்டப்புறங்களிலே 'யோசனை' என்னும் சொல், அகராதிகள் அதற்குத் தரும் பொருளுக்குள் அடங்காத ஒரு பொருளிலும் வழங்கிவருகின்றது. எழுத்துத் தமிழில் யோசனை என்பது சிந்தனை, வழிவகை காணல். ஹற்றன், நோர்வூட், தலவாக்கலைப் பகுதி லயங்களிலே 'அவளுக்கு ஒரே யோசனை' என்று ஒருவர் சொன்னால், அப்பெண் எதையோ திட்டமிடுகிறாள் என்று எவரும் விளங்கிக்கொள்வதில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை, உறக்கம் வரவில்லை, நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாயிருக்கிறது, மனம் ஒன்றையே சுற்றிச் சுற்றி வருகிறது என்பதே அதன் பொருள். ஈழத்தின் ஏனைய தமிழ்ப் பிரதேசங்களிலும் இப்பொருள் ஓரளவு உண்டெனினும், தோட்டப்புறத்திலே அது ஏறக்குறைய ஒரு நோய்ப் பெயராகவே நிலைத்துவிட்டது எனலாம்.

இக்கட்டுரையாளரின் பெரியம்மா முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்கும், மகன் கொழும்பிலே ஒரு கடைக்கும் சென்றபின் அவருக்கு 'யோசனை' வந்தது. "மனசு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது தம்பி. நின்னா அங்கனயே நின்னுருது" என்று அவர் கூறியது இன்றும் நினைவிலுண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியிலே தலையிடிக்கு வில்லைகள் கிடைத்தன, வேறொன்றும் கிடைக்கவில்லை. அக்காலத்திலே பல்கலைக்கழக மாணவனாயிருந்த இக்கட்டுரையாளர் அவருடைய நிலைக்குச் 'சுரண்டல்' என்று பெயர் சூட்டினார். பெயர் பிழையானதன்று. ஆயின் அப்பெயரைக் கேட்டதனால் பெரியம்மாவுக்கு உறக்கம் வந்துவிடவில்லை.

இலக்கிய ஆய்வாளன் ஒருவன் நரம்பியல் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் இந்த அனுபவமே. கடந்த முப்பது ஆண்டுகளாக மனச்சோர்வைக் காந்தத் தூண்டல் மூலம் குணப்படுத்தும் முறையொன்று உலகில் வளர்ந்து வந்துள்ளது. யாருக்கு அச்சிகிச்சை பயன் தரும் என்பதை, மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள இணைப்புகளைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்பது அத்துறையின் இன்றைய முதன்மையான வினாக்களுள் ஒன்று. இவ்வினாவை லயத்தின் வாசலில் நின்று கேட்டால் அதன் வடிவம் எவ்வாறு மாறும் என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

2

முதலில் சிகிச்சையின் பௌதிக அடிப்படையை நோக்குவோம். மாறுகின்ற காந்தப்புலம் தன்னருகேயுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் பரடே 1831 இல் நிறுவினார். மூளையும் ஒரு கடத்தியே. 1896 இல் பிரெஞ்சு அறிஞர் டார்சொன்வால், வலிமையான காந்தச் சுருளுக்குள் தலையை வைத்தவர்களுக்குக் கண்ணில் ஒளிப்பொறிகள் தோன்றியதை அறிவித்தார். ஆயினும் மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே மூளையின் குறித்ததோர் இடத்தைத் தூண்டக்கூடிய கருவியை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே அந்தனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985 இல் தான் செய்து காட்டினர். தலையின் ஒரு பக்கத்தில், கையை இயக்கும் பகுதிக்கு மேலே சுருளை வைத்துத் துடிப்பொன்றைச் செலுத்தினால் மறுபக்கத்துப் பெருவிரல் தானாகத் துள்ளும்.

மார்க் ஜோர்ஜும் பிறரும் 1995 இல், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு நோயாளர் சிலரின் இடது முன்நெற்றிப் பகுதியை நாள்தோறும் இவ்வாறு தூண்டிப் பார்த்து நற்பயன் கண்டனர். 2008 இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் இம்முறையைக் கையாண்டும் ஆராய்ந்தும் வருகின்றது. 1938 இல் ரோமாபுரியில் தொடங்கிய மின்வலிப்புச் சிகிச்சையினின்றும் இது வேறானது. இதற்கு மயக்கமருந்து வேண்டியதில்லை; வலிப்பை உண்டாக்குவது இதன் நோக்கமுமன்று. நோயாளி நாற்காலியில் விழித்தபடியே அமர்ந்திருப்பார். தலையில் மரங்கொத்தி கொத்துவது போன்ற ஓசையும் உணர்வும் இருக்கும். முடிந்தவுடன் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். வலிப்பு நோயுடையோர் விடயத்திலும், தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டோர் விடயத்திலும் விசேட எச்சரிக்கை தேவை. வழமையான முறையில் ஒருநாட் சிகிச்சை ஏறக்குறைய 37 நிமிடம் நீடிக்கும். கிழமைக்கு ஐந்து நாள். நான்கு முதல் ஆறு கிழமை. இந்தக் கணக்கை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அதற்கு மீள வேண்டியிருக்கும்.

சிகிச்சை எல்லோருக்கும் பயன் தருவதில்லை. 2010 இல் வெளியான, 190 நோயாளரை உள்ளடக்கிய அமெரிக்க ஆய்விலே, மெய்யான தூண்டல் பெற்றோரில் நூற்றுக்கு 14 பேர் நோய் நீங்கப் பெற்றனர். பொய்த் தூண்டல் பெற்றோரில் நூற்றுக்கு 5 பேர். வேறுபாடு ஐயத்துக்கு இடமற்றது, ஆனால் சிறியது. நூறு பேரை ஆறு கிழமை அலையவைத்து அவர்களுள் சிறு பகுதியினரையே குணப்படுத்துவதெனின், அச்சிறு பகுதியினர் யாவர் என்பதை முதலிலேயே அறிய விரும்புவது இயல்பே. முன்னறிதல் பற்றிய ஆய்வுகளின் தோற்றுவாய் இதுதான்.

3

'இணைப்பு' என்ற சொல் இங்கு மயக்கம் தரக்கூடியது. அது ஒரு நரம்புக் கம்பியை மட்டும் குறிப்பதன்று. குருதியில் பிராணவாயு ஏறி இறங்குவதைக் காந்தப் பரிவுப் படத்திலே காணலாம் என்பதை ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990 இல் காட்டினார். 1995 இல் பரத் பிஸ்வாலும் பிறரும், ஒருவர் எந்த வேலையுமின்றிப் படுத்திருக்கும்போதும் மூளையின் தூரத்துப் பகுதிகள் சில ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதை அவதானித்தனர். அவ்வாறு சேர்ந்து ஏறி இறங்குவதே 'செயல்நிலை இணைப்பு' எனப்படுகிறது.

தோட்டத்து வாழ்க்கையிலிருந்தே இதற்கு உவமை சொல்லலாம். விடியற்காலையில் எதிர்மலையில் நின்று ஒரு தோட்டத்தை நோக்கும் அந்நியன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். பெரட்டுக்கான தப்புச் சத்தம் அவன் காதில் விழவில்லை. எனினும் மேற்கணக்கு லயத்திலும் பணியக்கணக்கு லயத்திலும் ஒரே நேரத்தில் விளக்கு ஏற்றப்படுவதையும், ஒரே நேரத்தில் அடுப்புப் புகை எழுவதையும் காண்கிறான். நாள்தோறும் அவ்வாறே நிகழ்ந்தால், இரு லயங்களுக்குமிடையே ஏதோ ஒரு தொடர்பு உண்டென அவன் முடிவு செய்வான். சற்று நேரத்தின் பின் வேறொன்றையும் காண்பான்: மலையிலே ஆட்கள் கூடக்கூட லயம் வெறிச்சோடுகிறது, மாலையில் லயம் நிறைய மலை வெறுமையாகிறது. ஒன்று ஏற மற்றது இறங்கும் இவ்வுறவும் தொடர்பே. இதனை எதிர்த்தொடர்பு என்பர். மனச்சோர்வு ஆய்விலே பெரிதும் பேசப்படுவது இந்த எதிர்த்தொடர்பாகும்.

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கும் உட்புறத்தில், முன்பக்கத்தே ஆழத்தில், ஒரு சிறு பகுதி உண்டு. புரொட்மன் 1909 இல் வரைந்த மூளைப் படத்திலே அதற்கு 25 என்ற இலக்கம் இடப்பட்டது. ஹெலன் மேபேர்க் என்னும் நரம்பியலாளர், ஆழ்ந்த துயரத்தில் இப்பகுதி மிகைச் செயற்பாடு உடையதாயிருப்பதையும், நோய் தணியும்போது அது தணிவதையும் காட்டினார். 2005 இல் அவரும் பிறரும், மருந்துகள் கைவிட்ட சில நோயாளரின் 25 ஆம் பகுதியருகே மின்வாய்களைப் பதித்துச் சிலரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைக் கண்டனர். மண்டையைத் துளைக்காமல் அவ்விடத்தை எட்ட முடியாது. காந்தச் சுருளின் வலு இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாக இறங்குவதில்லை.

ஆகவே கேள்வி இவ்வாறு அமைந்தது: நெற்றிப் பக்கத்து மேற்பரப்பைத் தூண்டினால் ஆழத்திலுள்ள 25 ஆம் பகுதி தணிவது எவ்வாறு? 2012 இல் மைக்கேல் பொக்ஸும் பிறரும் இதற்கு ஒரு விடையை முன்வைத்தனர். இடது முன்நெற்றிப் பகுதியில் எவ்விடம் 25 ஆம் பகுதியோடு மிக வலிய எதிர்த்தொடர்பு கொண்டுள்ளதோ, அவ்விடத்தைத் தூண்டும்போது பயன் கூடுதலாக இருக்கிறது என்பதே அவர்களின் முடிவு. அதுவரை வைத்தியர்கள் பெருவிரலை அசைக்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஐந்து சென்ரிமீற்றர் முன்னே அளந்து சுருளை வைத்தனர். தலைகள் எல்லாம் ஒரே அளவின அல்லவாதலால், பலருக்குச் சுருள் தவறான இடத்திலேயே வைக்கப்பட்டது. சிகிச்சை தோற்றதாகக் கருதப்பட்ட சிலரிடத்தில் தோற்றது அளவுகோலே.

பெரியம்மாவின் வாக்கியத்தை இவ்விடத்தில் மீண்டும் நினைக்கத் தோன்றுகிறது. வேலையின்றி ஓய்ந்திருக்கும்போது செயற்படும் பகுதிகளின் தொகுதியொன்றை 2001 இல் மார்க்கஸ் ரெய்ச்சலும் பிறரும் இனங்கண்டனர். தன்னைப் பற்றியும் கடந்ததைப் பற்றியும் மனம் அசைபோடும்போது இயங்குவது அத்தொகுதி. மனச்சோர்வுற்றோரிடம் 25 ஆம் பகுதி அத்தொகுதியோடு அளவுக்கு மீறிப் பிணைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஓயாத அசைபோடலோடு அப்பிணைப்பைத் தொடர்புபடுத்துகின்றன. 'நின்னா அங்கனயே நின்னுருது.' லயத்துப் பேச்சுவழக்கு, மருத்துவம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் கண்டதை முன்னரே கண்டுவிட்டது என்று நாம் பெருமை பேச வேண்டியதில்லை. நோயாளி தன் நோயைத் துல்லியமாகவே விபரித்தார்; கேட்பதற்கு ஆளிருக்கவில்லை என்பதே இங்கு பொருள்.

மார்க்சியருக்கு இந்த இணைப்பியல் நோக்கு அந்நியமானதன்று. மனத்தொழில் ஒவ்வொன்றும் மூளையின் ஒவ்வொரு 'மையத்தில்' குடியிருக்கிறது என்ற கருத்தை மறுத்து, பல பகுதிகள் கூடி இயங்கும் தொகுதியே ஒரு தொழிலைச் செய்கிறது எனச் சோவியத் அறிஞர் அலெக்சாந்தர் லூரியா நெடுங்காலமாக வாதிட்டார். அத்தொகுதிகள் பிறப்போடு வந்தமையும் பொறிகளல்ல, மொழியாலும் கருவிகளாலும் கூட்டு உழைப்பாலும் உருவாகின்றவை என்பது அவரும் அவருடைய ஆசான் வைகொட்ஸ்கியும் கண்ட முடிவு. 1931, 1932 ஆம் ஆண்டுகளிலே லூரியா உஸ்பெக்கிஸ்தானில் மேற்கொண்ட களஆய்வு, வாழ்க்கைமுறை மாறும்போது சிந்தனையின் அமைப்பே மாறுவதைக் காட்ட முனைந்தது. அவ்வாய்வின் நூல் 1974 வரை வெளிவர முடியாமற்போனமை வேறொரு சோகக் கதை. சோசலிச நாடென்பதால் அறிவியலுக்கு அங்கு இடர் நேராதிருந்ததில்லை.

4

2012 இன் பின் எழுந்த நம்பிக்கை பெரிது. 2017 இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் படங்களைக் கணினியிலிட்டு, மனச்சோர்வு என்பது ஒரு நோயன்று, இணைப்பு வேறுபாட்டால் பிரியும் நான்கு வகைகள் என்று அறிவித்தது. அவற்றுள் ஒரு வகையினருக்கே காந்தத் தூண்டல் சிறப்பாகப் பயன்படும் என்றும் கூறியது. இரண்டு ஆண்டுகளின் பின் நெதர்லாந்து ஆய்வாளர் அதே முறையைத் தம் நோயாளரிடம் கையாண்டபோது அந்த நான்கு வகைகளும் உறுதிப்படவில்லை. எண்ணிறந்த அளவீடுகளையும் குறைந்த தொகை மனிதரையும் கணினியிடம் கொடுத்தால் அது எப்படியும் ஏதோ ஒரு கோலத்தைக் காட்டிவிடும்; அக்கோலம் அடுத்த கூட்டத்தாரிடமும் தோன்றுமா என்பதே சோதனை.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நோலன் வில்லியம்ஸும் பிறரும் வேறு வழியிற் சென்றனர். ஒவ்வொரு நோயாளியின் மூளையையும் தனித்தனியே படமெடுத்து, 25 ஆம் பகுதியோடு மிகுந்த எதிர்த்தொடர்புடைய இடத்தைக் குறித்து, நாளுக்குப் பத்து முறை வீதம் ஐந்தே நாளில் முழுச் சிகிச்சையையும் அளித்தனர். 2020 இல் வெளியான முதல் அறிக்கையில் 21 பேருள் 19 பேர் நோய் நீங்கினர். பொய்த் தூண்டலோடு ஒப்பிட்ட அடுத்த ஆய்வு 29 பேரைக் கொண்டது. நான்கு கிழமைக்குள் மெய்ச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 79 பேரும் மற்றோரில் 13 பேரும் நோய் நீங்கிய நிலையை அடைந்தனர். 2022 இல் இதற்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வியத்தகு முடிவுகளே. ஆனால் வெற்றிக்குக் காரணம் தனிப்பட்ட இணைப்புப் படமா, ஐந்து நாளில் ஐம்பது முறை தூண்டியதா என்பது அந்த ஆய்வினால் பிரித்தறியக்கூடியதன்று. 2024 இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று 255 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இணைப்புப் படத்தின் வழியும் மறுபிரிவினருக்குச் சாதாரணப் படத்தின் வழியும் இடம் குறித்துச் சிகிச்சை அளித்தது. இரு பிரிவினரும் நன்மை பெற்றனர். இரண்டுக்குமிடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அங்கு தேடப்பட்ட இணைப்பு 25 ஆம் பகுதியோடு உள்ளதன்று, வேறொன்று என்பதையும் சொல்லவேண்டும். ஆக, கூட்டத்தாரின் சராசரியில் உண்மையாகத் தோன்றும் தொடர்பு, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் விதியைச் சொல்லும் நிலையை இன்னும் எட்டவில்லை.

5

'பயன் பெற்றார்' என்று எதனைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்? இலக்கியத் திறனாய்விலே பழகியவனுக்கு முதலில் எழும் வினா இதுவே. மூளைப் படம் எவ்வளவு நுட்பமானதாயினும், அது இறுதியில் ஒரு வினாத்தாளோடுதான் ஒப்பிடப்படுகிறது. மக்ஸ் ஹமில்டன் 1960 இல் ஆக்கிய அளவுகோல் இன்றும் பெரிதும் கையாளப்படுவது. புள்ளிகள் பாதியாகக் குறைந்தால் 'பயன்'. குறித்த எல்லைக்குக் கீழே சென்றால் 'நோய் நீக்கம்'.

அவ்வளவுகோலில் வேலையும் ஈடுபாடும் பற்றியதொரு வினா உண்டு. நோயினால் வேலையை நிறுத்திவிட்டவருக்கு அதிலே உச்சப் புள்ளி. சம்பளத்தோடு சுகவீன லீவு பெறும் உத்தியோகத்தருக்கு இது பொருந்தும். கொழுந்து மலையில் நிலைமை வேறு. செக்ரோலில் அன்றைய நாளுக்குப் 'பேர்' விழுந்தால்தான் சம்பளம். குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர். பெரியம்மா 'யோசனை'யால் நலிந்திருந்த மாதங்களில் ஒருநாளேனும் பெரட்டைத் தவறவிட்டதில்லை. மழையிலும் மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு போனார், நிறுவைக்கு வந்தார். ஹமில்டனின் அளவுகோல் அவ்வினாவில் அவரை ஏறக்குறையச் சுகதேகி என்றே கணித்திருக்கும். உழைப்பை நிறுத்தும் உரிமை உடையவரே உழைப்பை நிறுத்தி நோயைக் காட்ட முடியும்.

இதன் விளைவு சாதாரணமானதன்று. இணைப்புக்கும் பயனுக்குமிடையே கணினி காணும் தொடர்பு, பயனை அளக்கும் வினாத்தாளின் வர்க்கச் சாயலையும் தன்னுள்ளே ஏற்றுக்கொள்கிறது. மேற்குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், பல்கலைக்கழக வைத்தியசாலைகளைத் தேடி வரக்கூடியவரிடையே நடந்தவை. அவர்களின் படங்களிலிருந்து பிறந்த முன்னறிதல் விதியைப் பொகவந்தலாவையில் ஒரு பெண்ணுக்குப் பிரயோகிப்பதாயின், அது முதலில் இங்கு சோதிக்கப்பட்டாக வேண்டும். மொழிபெயர்ப்பும் இதில் அடங்கும். 'மனச்சோர்வாக இருக்கிறதா?' என்று எழுத்துத் தமிழில் கேட்டால் 'இல்லை' என்பார், 'யோசனை இருக்கா?' என்று கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவார்.

மனச்சோர்வின் சமூக வேர்கள் பற்றிய செவ்வியல் ஆய்வாக ஜோர்ஜ் பிரவுணும் திரில் ஹரிஸும் 1978 இல் வெளியிட்ட நூலைக் கொள்ளலாம். தென் இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடத்திய அவ்வாய்வு, தொழிலாள வர்க்கப் பெண்களுக்கே இந்நோயின் பாரம் மிகுதியாயிருப்பதைக் காட்டியது. இளமையில் தாயை இழத்தல், வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள் இருத்தல், வெளிவேலை இன்மை, மனந்திறந்து பேச நெருங்கிய துணையின்மை என்பன இழப்பொன்று நேரும்போது நோய்க்கு வாசலைத் திறந்துவிடுவதாக அவர்கள் கண்டனர். தோட்டப்புறப் பெண்ணுக்கு வெளிவேலை இல்லாமலில்லை. அதுவே அவள் வாழ்க்கையை நிறைத்து நிற்கிறது. நான்காவது காரணமோ இங்கு ஒரு நீண்ட வரலாறுடையது. 1948 இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இங்கும் தங்கை நீலகிரியிலுமாகக் குடும்பங்கள் சிதறின. இன்று அப்பிரிவை மத்திய கிழக்கும் கொழும்பும் செய்கின்றன. மனந்திறந்து பேசும் துணையை இழத்தல் என்பது இம்மக்களிடையே தனியொருவருக்கு நேரும் விபத்தாக மட்டும் இருந்ததில்லை. அரசு ஒப்பமிட்ட காரியமாகவும் இருந்தது.

6

இவ்விடத்தில் நம்மவர் சிலர் எழுப்பக்கூடிய ஆட்சேபத்தையும் எதிர்கொள்ளுதல் வேண்டும். நோய் சமூகத்தில் பிறந்ததாயின் அதற்கு மூளையில் மருந்து தேடுவது திசைதிருப்பலன்றோ என்பர். கல்லீரல் பித்தத்தைச் சுரப்பதுபோல் மூளை சிந்தனையைச் சுரக்கிறது என்ற கார்ல் வொக்டின் கொச்சைப் பொருள்முதல்வாதத்தை எங்கெல்ஸ் கண்டித்தது உண்மை. மனித சாரம் சமூக உறவுகளின் தொகுப்பே என மார்க்ஸ் 1845 இல் எழுதியதும் உண்மை. ஆயின் சமூக உறவு ஆகாயத்தில் நின்று ஒருவரை வருத்துவதில்லை. உறக்கத்தின் வழியாக, பசியின் வழியாக, நரம்பின் வழியாகவே வருத்துகிறது. கொழுந்துக் கூடையின் நாணினால் முதுகெலும்பு வளைந்தவருக்கு முதுகுவலி மருந்து கொடுப்பதை எவரும் வர்க்கத் துரோகம் என்பதில்லை. மூளை மட்டும் ஏன் விலக்காக வேண்டும்? காரணம் எங்கிருக்கிறதோ அங்கேதான் தலையிட வேண்டுமென்பதில்லை. சங்கிலியின் எந்தக் கண்ணியில் கை எட்டுகிறதோ அங்கும் தலையிடலாம்.

நம் நாட்டின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 ஆக, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிருந்தது. அவ்வாண்டிலும் 1998 இலும் கொடிய பூச்சிகொல்லிகள் பல தடைசெய்யப்பட்டன. 2008 க்கும் 2011 க்கும் இடையில், தேயிலை மலைகளில் புல்லுக்கு அடிக்கப்பட்டுவந்த பராகுவாட் உட்பட மேலும் சில ஒழிக்கப்பட்டன. 1986 முதல் 1995 வரையான பத்தாண்டோடு ஒப்பிடுகையில், அடுத்த பத்தாண்டிலே தற்கொலை மரணங்கள் ஏறக்குறைய 20,000 குறைந்தன. மக்களின் துயரம் அக்காலத்தில் குறைந்துவிட்டதென எவரும் சொல்ல மாட்டார். போர் நடந்த காலம் அது. நெருக்கடி வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தது, கணம் கடந்தது, உயிர் எஞ்சியது. துயரத்தின் வேரையும் தொடாமல், மூளையையும் தொடாமல், ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இது கைகூடியது. உயிரோடு எஞ்சியவருக்கு இனிச் சிகிச்சை வேண்டும்.

7

காந்தச் சிகிச்சை பற்றிப் பெரியம்மாவிடம் விளக்கியபோது அவர் காந்தத்தைப் பற்றியோ மூளையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "எத்தன பேரு போகும் தம்பி?" என்றே கேட்டார்.

கணக்கைப் பார்ப்போம். ஆறு கிழமைச் சிகிச்சை முப்பது நாள். சிகிச்சை 37 நிமிடமாயினும், ஹற்றனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து நகர வைத்தியசாலைக்குப் போய்வருவதில் பகல் முழுதும் கழியும். முப்பது பேர் விழாது. 2021 இல் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளத்தின்படி அது 30,000 ரூபா. பஸ் செலவு வேறு. பின்னர் சம்பளம் உயர்ந்தபோது இழப்பின் தொகையும் உடன் உயர்ந்தது. 2018 இல் கனடாவில் 414 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, 37 நிமிடத் தூண்டலுக்குப் பதிலாக மூன்று நிமிடத் தூண்டலும் அதே பயனைத் தருமென நிறுவியது. ஒரே கருவியால் ஒருநாளில் பலருக்குச் சிகிச்சை அளிக்க இது உதவும். வைத்தியசாலைக்கு அது பெரிய இலாபம். தொழிலாளிக்கோ மூன்று நிமிடத்துக்கும் ஒரு பேர், 37 நிமிடத்துக்கும் ஒரு பேர்.

ஐந்து நாட் சிகிச்சை இக்கணக்கை மாற்றுகிறது. செல்வந்தருக்கென எழுந்ததாகத் தோன்றும் அந்த முறை, காலத்தைப் பொறுத்தவரை தோட்டத் தொழிலாளிக்கே மிகப் பொருத்தமானது: முப்பது பேருக்குப் பதில் ஐந்து பேர். அதன் செலவு மிகுந்த பகுதிகளுள் ஒன்று ஒவ்வொருவருக்கும் எடுக்கும் இணைப்புப் படம். அப்படம் தனியே எவ்வளவு நன்மையைக் கூட்டுகிறது என்பது, நாம் கண்டவாறு, இன்னும் தீராத வினா. நாடாவால் தலையை அளந்து இடம் குறிக்கும் எளிய முறை ஏற்கெனவே உலகெங்கும் வழக்கிலுள்ளது. எளிய முறையில் இடம் குறித்து ஐந்து நாளில் அளிக்கும் சிகிச்சை எவ்வளவு பயன் தரும் என்பதை ஆராய்வது, நான்கு வகையா ஐந்து வகையா என்று படங்களைப் பிரித்துக்கொண்டிருப்பதிலும் இங்கு அவசரமானது. பணமுள்ள நாடுகளில் இவ்வாய்வுக்கு ஊக்கம் குறைவாயிருக்கலாம். நம் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்கள் அதனைத் தம் பணியாகக் கொள்ளலாம்.

அத்தகைய ஆய்வொன்று இங்கு நடைபெறுமாயின், அதன் பதிவேட்டிலே 25 ஆம் பகுதியின் எண்ணோடு வேறு சில எண்களும் இடம்பெறல் வேண்டும்: நோயாளி அந்த மாதம் பெற்ற பேர், அரைப்பேர், பறித்த கிலோ, லயக் காம்பராவில் உறங்குவோர் தொகை, பிள்ளைகள் இருக்கும் தூரம். எது பயனை முன்னறிவிக்கிறது என்பதைக் கணினியே சொல்லட்டும். சிகிச்சைக்கு வராமல் நின்றுவிட்டவர்களை 'விலகியோர்' என்று ஒரு வரியில் தள்ளிவிடாமல், எந்த நாளில், எந்தக் காரணத்தால் நின்றார்கள் என்பதையும் எழுத வேண்டும். தொழிற்சங்கங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பது தோட்டப்புறத்தில் ஒரு காலத்தில் கேட்டுப் பெறவேண்டியிருந்த உரிமைதான். வைத்தியரின் துண்டு இருந்தால் அந்த ஐந்து நாளும் செக்ரோலில் முழுப்பேராக விழவேண்டும் என்ற கோரிக்கையைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இனி வைக்கலாம்.